எடுத்த கட்டி எங்கே?

(திருத்தணி அருகே கே.ஜி.கண்டிகையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் 'பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் அரிதாகப் பரவும் இடங்கள்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். மருத்துவக் கல்லூரியில் பேச வேண்டிய தலைப்பாயிற்றே, இதைக் கே.ஜி.கண்டிகையில் ஏன் பேச வேண்டும் என்று சிலருக்குத் தோன்றலாம். இங்கே பேச வேண்டும் என்று விரும்பிக் கேட்டவன் நான்தான். கல்லீரலுக்குப் பரவிய நோயைப் பெரிய ஆஸ்பத்திரியின் ஸ்கேன் கண்டுபிடித்துவிடும். தலைத்தோலில் ஒரு முண்டு, தொப்புளில் ஒரு கெட்டி, ஈறில் ஒரு சதை என்று தலைகாட்டும் நோய் முதலில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. ஊர்க் கிளினிக்குக்கும் பல் டாக்டரிடமும்தான் போகிறது. அங்கே அந்தக் கட்டியை எடுத்த பிறகு அது எங்கே போகிறது என்பதுதான் என் கவலை.

நான் நோய்க்குறியியல் மருத்துவன். ஊர்ப் பேச்சில் சொன்னால் 'பயாப்சி பார்க்கிறவர்'. நோயாளியின் முகம் எனக்குப் பெரும்பாலும் தெரியாது. அவர் உடம்பிலிருந்து எடுத்த துண்டு ஒரு சின்ன டப்பாவில் வரும். அந்த டப்பா வந்தால்தான் என்னால் ஏதாவது சொல்ல முடியும்.

இந்த நோய்க்கும் நம் நாட்டுக்கும் உள்ள தொடர்பு பழையது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அவருடைய தங்கை 1920களின் தொடக்கத்தில், இளம் வயதிலேயே, மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். முதலில் அதைச் சீதபேதி என்று நினைத்தே வைத்தியம் பார்த்தார்கள். உண்மை தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. ஒரு டாக்டரின் வீட்டிலேயே இப்படி நடந்தது. அந்தத் துக்கத்தை அவர் முப்பது ஆண்டுகள் மனத்தில் சுமந்தார். 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தார்கள். இன்று நாம் 'அடையார்' என்று ஒரே சொல்லில் குறிப்பிடுகிற அந்த இடத்தின் வேரில் ஒரு மலக்குடல் புற்று இருக்கிறது. சின்ன வயதில் வந்த புற்று, வேறு நோய் என்று தவறாக எண்ணப்பட்ட புற்று.

அந்த இரண்டு குணமும் இன்னும் மாறவில்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை தன்னிடம் வந்த 800 பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயாளிகளைக் கணக்கெடுத்து 2017இல் வெளியிட்டது. அவர்களின் சராசரி வயது 47. மேலை நாடுகளில் இது பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்களின் நோய். நம்மிடம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் வயதில் வருகிறது. அந்த 800 பேரில் 13 விழுக்காட்டினருக்குச் 'சிக்னெட் ரிங்' என்ற முரட்டு வகை இருந்தது. செல்லுக்குள் சளி நிறைந்து, உட்கருவை ஓர் ஓரத்துக்குத் தள்ளிவிடும். நுண்ணோக்கியில் பார்த்தால் முத்திரை மோதிரம் போலவே இருக்கும். இந்த வகைக்குக் கல்லீரலை விட வயிற்று உறையின் மேலும் நெறிக்கட்டிகளின் மேலும்தான் நாட்டம் அதிகம். சாதாரண வகை போகாத இடங்களுக்கும் இது போகும். ஆகவே 'அரிய இடம்' என்ற பேச்சை வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும் உரியது என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

2022ஆம் ஆண்டில் உலகில் 19 இலட்சம் பேருக்கு இந்த நோய் புதிதாக வந்தது; 9 இலட்சம் பேர் இறந்தார்கள். இந்தியாவில் புதியவர்கள் சுமார் 70,000. கால்பந்து வீரர் பெலே அந்த ஆண்டு டிசம்பர் 29இல் இறந்தது இந்த நோயால்தான்.

நோய் எப்படிப் பயணம் போகிறது என்பதைப் பார்ப்போம். குடலிலிருந்து கிளம்பும் இரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை என்ற ஒரே பெரிய குழாயில் சேர்ந்து, முதலில் கல்லீரலுக்குள் போய் வடிகட்டப்பட்ட பிறகே இதயத்தை அடைகிறது. நமக்குத் தெரிந்த ஊரை வைத்துச் சொல்கிறேன். திருத்தணியிலிருந்து ரயிலில் சென்னைக்குப் போகிறவர் அரக்கோணம் சந்திப்பைத் தொடாமல் போக முடியாது. சாலையில் போகிறவர் திருவள்ளூர் வழியாகப் போய்விடலாம். பெருங்குடலும் மலக்குடலின் மேல்பகுதியும் ரயில் பாதையில் இருக்கின்றன. கல்லீரல்தான் அவற்றின் சந்திப்பு. அதனால்தான் இந்த நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு என்றாவது ஒருநாள் கல்லீரலில் நோய் வருகிறது. மலக்குடலின் கீழ்ப்பகுதிக்குச் சாலை வழியும் உண்டு. அங்கிருந்து புறப்படும் சிரைகள் இடுப்புச் சிரைகளில் சேர்ந்து, கல்லீரலைத் தொடாமல் இதயத்துக்கும் அங்கிருந்து நுரையீரலுக்கும் போகின்றன. ஆகவே ஆசனவாய்க்கு அருகில் உள்ள புற்று, கல்லீரலை விட்டுவிட்டு நேராக நுரையீரலில் போய் உட்கார்ந்தால் வியப்பதற்கில்லை. 1986இல் 1,541 பிணக்கூறாய்வுகளை வைத்து வெளிவந்த ஓர் ஆய்வு, பரவல் பொதுவாகப் படிப்படியாக நடப்பதைக் காட்டியது: முதலில் கல்லீரல், அடுத்து நுரையீரல், அதன் பிறகே மற்ற உறுப்புகள்.

இனி அரிய இடங்கள். எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லப் போவதில்லை. இந்த ஊரில் கண்ணில் படக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

முதலில் தலை. திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கொண்டு முடியிறக்குகிற பக்கம் இது. பல ஆண்டுகளாக முடி மறைத்திருந்த தலைத்தோலை முதலில் தொடுவது முடியிறக்குபவரின் கை. "ஐயா, இங்கே ஒரு கட்டி இருக்குதே" என்று அவர்தான் சொல்வார். அப்படித் தட்டுப்படுகிற கட்டிகளில் ஏறக்குறைய எல்லாமே சாதாரண நீர்க்கட்டியும் கொழுப்புக் கட்டியும்தான். யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் தோலோடு ஒட்டிக்கொண்டு, கல்லாகக் கெட்டியாக, வாரத்துக்கு வாரம் வளர்கிற கட்டி அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததில்லை. பெருங்குடல் புற்று தோலுக்குப் பரவுவது நூற்றில் மூன்று, நான்கு பேருக்குத்தான். பரவினால் பெரும்பாலும் வயிற்றுத் தோலில், அதிலும் பழைய ஆபரேஷன் தழும்பில் வரும். தலைத்தோலும் அது தேடிப் போகிற இடங்களில் ஒன்று.

அந்தக் கட்டி என் மேசைக்கு வந்தால் நான் என்ன பார்க்கிறேன் என்று சொல்கிறேன். மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் இருநூற்றில் ஒரு பங்கு தடிமனுக்குச் சீவி, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயமேற்றிய கண்ணாடித் தகடு. மேலே தோலின் அடுக்குகள். அதற்குக் கீழே மயிர்க்கால், வியர்வைச் சுரப்பி. எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. இன்னும் கீழே தகட்டை நகர்த்தினால், அங்கே இருக்கக் கூடாத ஒன்று இருக்கும். நெடிய செல்கள் வேலி கட்டியதுபோல் வரிசையாக நின்று ஒரு குழாயைச் சூழ்ந்திருக்கும். குழாயின் நடுவே இறந்த செல்களின் குப்பை. குடலின் சுரப்பி அது. தலைத்தோலில் குடல் முளைத்திருக்கிறது! சந்தேகம் இருந்தால் சி.கே.20, சி.டி.எக்ஸ்.2 என்ற சிறப்புச் சாயங்களைப் போட்டுப் பார்ப்போம். குடலில் பிறந்த செல் எந்த ஊருக்குப் போனாலும் பிறந்த வீட்டின் அடையாளத்தைப் பெரும்பாலும் விடுவதில்லை. மயிர்க்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் 'நான் குடல்' என்று அது சாட்சி சொல்லும். குடலில் நோய் இருப்பதே தெரியாமல் இருந்த ஒருவருக்கு அந்தத் தகடுதான் முதல் தகவல்.

அடுத்தது தொப்புள். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்து ராச்செஸ்டர் நகரில், டாக்டர் வில்லியம் மேயோவுக்கு ஆபரேஷனில் துணை நின்றவர் சிஸ்டர் மேரி ஜோசப் என்ற கன்னிகாஸ்திரி. ஆபரேஷனுக்கு முன் நோயாளியின் வயிற்றைக் கழுவித் துடைக்கும்போது, சிலருடைய தொப்புளில் ஒரு கெட்டி தட்டுப்படுவதைக் கவனித்தார். அவர்களுக்கு வயிற்றுக்குள் புற்று பரவியிருப்பதையும் கண்டார். மேயோ இதை 1928இல் எழுதினார். சிஸ்டர் 1939இல் காலமானார். பத்தாண்டு கழித்து, இங்கிலாந்து அறுவை மருத்துவர் ஹேமில்டன் பெய்லி தம் பாடநூலில் அந்தக் கட்டிக்குச் சிஸ்டரின் பெயரையே வைத்தார். உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் இன்றும் அந்தப் பெயரால்தான் படிக்கிறார்கள். துணியால் வயிற்றைத் துடைத்த கை கண்டுபிடித்தது என்பதை இங்கே இருக்கிற செவிலியர்களும் சுகாதாரப் பணியாளர்களும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தொப்புளில் புதிதாக வந்த கெட்டியைக் குடலிறக்கம் என்றோ சீழ்க்கட்டி என்றோ ஒதுக்குவதற்கு முன் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்.

பெண்களுக்குச் சினைப்பை. இந்த நோய் வந்த பெண்களில் நூற்றில் மூன்று முதல் ஐந்து பேருக்கு இது சினைப்பைக்குப் பரவுகிறது. பெரும்பாலும் மாதவிடாய் நிற்காத வயதுப் பெண்களுக்கு. 'வயிறு பெருத்துவிட்டது, சினைப்பையில் கட்டி' என்று வருவார்கள். ஜெர்மானிய மருத்துவர் குருக்கென்பர்க் 1896இல் இத்தகைய கட்டிகளை எழுதியபோது சினைப்பையிலேயே பிறந்தவை என்றுதான் நினைத்தார். வேறு உறுப்பிலிருந்து வந்தவை என்பது பிறகுதான் தெளிவாயிற்று. இன்றைக்கும் அந்த மயக்கம் வரும். சினைப்பைப் புற்றுக்குப் பார்க்கும் சி.ஏ.125 இரத்தச் சோதனை இதிலும் கூடலாம். கூடவே சி.இ.ஏ. சோதனையும் பார்த்தால் பெரும்பாலும் குட்டு வெளிப்படும். 1965இல் மான்ட்ரியலில் கோல்டும் ஃபிரீட்மனும் குடல் புற்றிலிருந்து கண்டெடுத்த பொருள்தான் சி.இ.ஏ. இரு பக்கச் சினைப்பையிலும் கட்டி என்றால், கர்ப்பப்பையை எடுக்கும் முன் குடலையும் இரைப்பையையும் குழாய் விட்டுப் பார்த்தாயிற்றா என்று அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர் டாக்டரிடம் கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

நெசவாளர்கள் பக்கம் வருகிறேன். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டைப் பக்கம் தறி ஓட்டுகிற எவருக்கும் இடுப்பு வலி இல்லாமல் இருக்காது. அதனால் எலும்புக்குப் பரவிய நோய் தறி வலிக்குள் ஒளிந்துகொள்ளும். 1940இல் ஃபிலடெல்ஃபியாவில் உடற்கூறியலர் பாட்சன், இடுப்புக் குழியிலிருந்து முதுகெலும்பை ஒட்டி மண்டை வரைக்கும் போகிற ஒரு சிரை வலையை விளக்கினார். அதில் வால்வு கிடையாது. இருமினாலும் முக்கினாலும் இரத்தம் திசை மாறி ஓடும். மலக்குடலிலிருந்து இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் இது ஒரு திறந்த வழி. தறி வலி படுத்தால் குறையும். எலும்புக்குள் இருக்கிற புற்று படுத்தாலும் விடாது. இரவில் தூக்கத்தைக் கெடுக்கும். கால் மரத்துப்போவது, சிறுநீர் அடைபடுவது என்று வந்துவிட்டால் நாள் கணக்குப் பார்க்காமல் அன்றைக்கே கிளம்ப வேண்டும். முதுகுத்தண்டு நசுங்கும் முன் கரன்ட் (கதிர் சிகிச்சை) வைத்தால் நடை மிஞ்சும்.

வாய். ஈறில் சதை வளர்ந்தால் பல் டாக்டர் முதலில் புகையிலையைத்தான் சந்தேகிப்பார். பெரும்பாலும் அதுவே சரி. வாயில் வருகிற புற்றுகளில் நூற்றில் ஒன்று வேறு உறுப்பிலிருந்து வந்தது. பல் பிடுங்கிய குழி ஆறாமல் அதிலிருந்து சதை பொங்கினால் அந்தச் சதையில் கொஞ்சம் சோதனைக்குப் போக வேண்டும். மூளைக்குப் போவது நூற்றில் ஒன்று முதல் மூன்று பேருக்கு, அதுவும் பெரும்பாலும் நுரையீரலைத் தொட்ட பிறகு. தைராய்டு, அட்ரினல், மண்ணீரல், விரை, தசை, இதயம் ஆகியவற்றிலும் பதிவுகள் உண்டு. அவை மருத்துவ இதழ்களில் ஒவ்வொன்றாக வெளிவருகிற அளவுக்கு அரியவை.

ஏன் சில இடம் அடிக்கடி, சில இடம் அரிதாக? இரத்தம் ஓடாத உறுப்பு இல்லையே. 1889இல் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீஃபன் பேஜெட் மார்புப் புற்றால் இறந்த 735 பெண்களின் பதிவுகளைப் புரட்டிவிட்டு ஒன்று சொன்னார். விதை எல்லாத் திசையிலும் பறக்கும்; ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும். 1928இல் அமெரிக்கர் ஜேம்ஸ் யூவிங் மறுத்தார். நிலம் எதுவும் இல்லை, இரத்தம் போகிற வழிதான் காரணம் என்றார். என் அனுபவத்தில் இருவர் சொன்னதும் உண்மை. கல்லீரலை வழி விளக்குகிறது. தலைத்தோலையும் சினைப்பையையும் வழி மட்டும் விளக்குவதில்லை. 1970இல் ஐசையா ஃபிட்லர் எலிகளின் இரத்தத்தில் புற்றுச் செல்களைச் செலுத்தி எண்ணிப் பார்த்தார். ஒரு நாள் கழித்து உயிரோடு இருந்தவை ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. கட்டியாக முளைத்தவை பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு.

இந்தக் கணக்கு ஒரு பழைய பயத்துக்கும் பதில் சொல்கிறது. "கத்தி பட்டால் புற்று பரவிடும், ஊசி குத்தினால் கிளம்பிடும்" என்று இந்தப் பக்கம் தமிழ் வீட்டிலும் தெலுங்கு வீட்டிலும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். எலியின் ஒரு கிராம் கட்டியிலிருந்து, யாரும் தொடாமலே, ஒரு நாளைக்கு 30 இலட்சத்துக்கு மேல் செல்கள் இரத்தத்தில் கலக்கின்றன என்று 1975இல் அளந்திருக்கிறார்கள். ஊசிக்காக எந்தப் புற்றும் காத்திருக்கவில்லை. ஊசித் தடத்தில் செல் தங்கிவிடுவது எப்போதோ நடக்கும் என்பதும் உண்மை. அதனால்தான் முழுதாக அறுத்தெடுக்கக்கூடிய கல்லீரல் கட்டியைக் குத்திப் பார்க்காமலே ஆபரேஷனுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். எங்கே குத்தலாம், எங்கே கூடாது என்பது டாக்டர் எடுக்கும் முடிவு. பயத்தால் சோதனையே வேண்டாம் என்பது அப்படிப்பட்ட முடிவு ஆகாது.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வந்துவிட்டேன். சின்னக் கிளினிக்கில் மரத்துப்போகிற ஊசி போட்டு ஒரு கட்டியை எடுக்கிறார்கள். இரண்டு தையல். "கொழுப்புக் கட்டிதான், எடுத்தாச்சு" என்கிறார்கள். கட்டி பஞ்சோடு சேர்ந்து குப்பைக் கூடைக்குப் போகிறது. ஆறு மாதம் கழித்து நோயாளி எலும்பும் தோலுமாக எங்களிடம் வரும்போது அந்தத் தழும்பைக் காட்டுவார்கள். 'எடுத்த கட்டி எங்கே?' என்றால் பதில் இருக்காது. அந்த ஆறு மாதத்தை யாராலும் திருப்பித் தர முடியாது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது.

ஆகவே கேளுங்கள். எடுக்கும் முன்பே கேளுங்கள்: "சார், இதை டெஸ்டுக்கு அனுப்புவீங்களா?" அவர்கள் அனுப்பவில்லை என்றால் நீங்களே கொண்டுபோகலாம். வாய் அகன்ற, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா வேண்டும். குறுகிய வாய் பாட்டிலில் திணித்த கட்டி ஃபார்மலினில் விறைத்த பிறகு வெளியே வராது. 10 விழுக்காடு ஃபார்மலின், கட்டியைப் போல் பத்து மடங்கு அளவு. தண்ணீரிலோ சலைனிலோ போட்டால் வழியிலேயே செல்கள் அழுகத் தொடங்கும். ஸ்பிரிட்டும் வேண்டாம். ஃப்ரீசரில் வைத்தால் பனிக்கட்டி செல்லைக் கிழித்துவிடும். பெயர், வயது, எந்த இடத்தில் எடுத்தது, என்றைக்கு எடுத்தது ஆகியவற்றை டப்பாவின் உடம்பில் எழுதுங்கள். மூடியில் எழுதினால் மூடி மாறிப்போகும். முன்பு ஏதாவது ஆபரேஷன் நடந்திருந்தால் அதையும் ஒரு வரி எழுதுங்கள். '2019இல் குடல் ஆபரேஷன்' என்ற ஒரு வரி எங்கள் வேலையைப் பாதியாகக் குறைக்கும்.

குடலையும் மறந்துவிடக் கூடாது. மலத்தில் இரத்தம் என்றால் நம் ஊரில் உடனே 'மூலம்'. பேருந்து நிலையச் சுவர்களில் எல்லாம் மூலத்துக்கு விளம்பரம். மலக்குடலின் கீழ்ப்பகுதிக் கட்டி டாக்டரின் விரலுக்கே தட்டுப்படும். கையுறை போட்ட ஒரு விரல், அரை நிமிடம். அந்தச் சோதனை செய்யாமல் மூலம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். திருத்தணி மலைப் படியில் முன்பு மூச்சு வாங்காமல் ஏறியவர் இப்போது பாதியில் உட்காருகிறார், இரத்தம் குறைவு என்கிறார்கள், டானிக் குடித்தும் ஏறவில்லை என்றால், வலப்பக்கப் பெருங்குடலில் கண்ணுக்குத் தெரியாமல் இரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அரசின் தொற்றா நோய்த் திட்டத்தில் வாய், மார்பு, கர்ப்பப்பை வாய் ஆகிய மூன்று புற்றுகளுக்குத்தான் பரிசோதனை உண்டு. குடலுக்கு இல்லை. அது வரும்வரை நாமே விழிப்பாக இருக்க வேண்டும்.

அரிய இடத்தில் பரவிவிட்டது என்றால் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அது நோய் பல இடங்களுக்குப் போய்விட்டதன் அடையாளம்தான். அதை நான் மறைக்கவில்லை. என்றாலும் பெட் ஸ்கேனில் அந்த ஒரே இடம்தான் என்று தெரிந்தால் அறுத்தெடுக்க வாய்ப்பு இருக்கிறது. எம்.எஸ்.ஐ. என்ற மரபணுக் கோளாறு உள்ள சிலருக்குக் கீமோவை விட நோயெதிர்ப்பு மருந்து நன்றாகக் கேட்கிறது. இவற்றைத் தீர்மானிக்கவும் அந்தத் துண்டுதான் வேண்டும்.

நம் பக்கத்து நோயாளிகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கிருந்து காஞ்சிபுரம் காரப்பேட்டையில் 1969இல் தொடங்கிய அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்கும் போகலாம், வேலூருக்கும் போகலாம், அடையாறுக்கும் போகலாம், எல்லை தாண்டித் திருப்பதிக்கும் போகலாம். நான்கு வழி இருப்பது நல்லதுதான். ஆனால் திருப்பதியில் குடல் ஆபரேஷன், வேலூரில் ஸ்கேன், திருத்தணியில் கட்டி எடுத்தது என்று ஒரே உடம்பின் கதை மூன்று ஊர்களில் சிதறிக் கிடக்கிறது. புதிய கட்டி பழைய குடல் புற்றின் பிள்ளையா, தனியாக வந்த வேறு நோயா என்று சொல்ல, இரண்டு தகடுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். பழைய ஆபரேஷனின் மெழுகுப் பிளாக்கை அந்த ஆஸ்பத்திரியின் லேப் பல ஆண்டுகள் வைத்திருக்கும். ரிப்போர்ட்டில் உள்ள பயாப்சி எண்ணைக் குறிப்பிட்டு எழுதிக் கேட்டால் பிளாக்கையும் தகட்டையும் தருவார்கள். வாங்கும்போது தகட்டை அட்டைப் பெட்டியில் உடையாமல் கட்டித் தரச் சொல்லுங்கள். சித்திரை, வைகாசியில் திருத்தணி வெயில் உங்களுக்குத் தெரியும்; பிளாக் மெழுகு. வெயிலில் நிற்கிற பைக்கின் பெட்டியிலோ பூட்டிய காரிலோ வைக்காமல் கைப்பையிலேயே எடுத்துப் போங்கள். பார்த்து முடித்ததும் மறக்காமல் அதே லேபில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை கேட்கும்போது அது அங்கே இருக்க வேண்டும்.